கிழக்குச் சுவருக்கு நாலடி

8-2-1973, வியாழன்

கத்திரிக்காய்க் குழம்பில் உப்பு அதிகம். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் சாயப்பட்டறையிலிருந்து வந்தவர், முழங்கை வரை அரக்குச் சிவப்போடு கூடத்தில் முழம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மீன் தொட்டி வைக்கவேண்டுமாம். ஏரி மீனுக்கு இல்லை, கடல் மீனுக்கு. போன வாரம் மெட்ராஸில் ஒரு புடவை வியாபாரி வீட்டில் கண்ணாடித் தொட்டியும் பவழக்கல்லும் நீல மீனும் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே பேச்சு.

"இருபது வருசமா சாயம் காய்ச்சறேன் ரேணு, அந்த நீலம் எனக்கு வரல."

சரி என்றேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரிதான்.

11-2-73, ஞாயிறு

சபாபதி வந்தார். கடைகளுக்கு இரும்புச் சட்டம் போட்டுக் கண்ணாடிப் பெட்டி செய்கிறவர். தொட்டி என்ன அளவு என்று கேட்டார். வியாபாரியிடம் கேட்டுவந்த பாடத்தை இவர் ஒப்பித்தார். கடல் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் பெரிய தொட்டி வேண்டும். உயரத்தைவிட நீளம் முக்கியம். தண்ணீரின் மேல்பரப்பு அகன்று இருந்தால்தான் காற்று இறங்கும். நாலடி நீளம் இருந்தால் நல்லது.

நாலடிக்கு இந்த வீட்டில் ஒரே இடம்தான். கிழக்குச் சுவர். அங்கே அம்சாவின் கட்டில் இருக்கிறது.

சபாபதி சுவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது முடிவாகியிருந்தது.

"மூலையில நிக்கிற மாதிரி உயரமா போட்டுடுபா. ஒண்ணரைக்கு ஒண்ணரை, உயரம் ரெண்டரை."

"நீளமா வேணும்னு சொல்லிக்கினு இருந்தியே பஞ்சாட்சரம்?"

"இது போதும்."

கட்டில் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. போன ஆனியில் எங்கள் பெண் தொண்டை அடைப்பான் வந்து போய்ச் சேர்ந்தாள். இரண்டரை வயது. அன்று எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவரும் அழவில்லை. பட்டறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

15-2-73

நாத்தனார் கிருஷ்ணவேணி வந்திருந்தார். "கொயந்த போன வூட்டுல மீனு வளக்கப் போறானாமே! நீயாவது சொல்லக் கூடாதாமா?" அப்புறம் கட்டிலைப் பார்த்தார். "அத ஏம்மா இன்னும் வெச்சுக்கினு இருக்கற? என் பொண்ணுக்கு இது ஆறாம் மாசம். குடுத்தா ஒதவும்ல?"

கெட்ட மனுஷி இல்லை. வாய்தான் முன்னால் போகும். தருகிறேன் என்றேன். தரவில்லை.

24-2-73

தொட்டி வந்தது. மூலையில் பீரோ போல நிற்கிறது. துருப்பிடிக்காமல் இருக்கச் சட்டத்தின் உள்பக்கம் தார் பூசியிருக்கிறது. வீடெல்லாம் அந்த வாசனை.

4-3-73, ஞாயிறு

மகாபலிபுரத்திலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. தொட்டிக்குப் போக மீதியை வைக்கப் பட்டறையிலிருந்து செப்புக் கொப்பரை ஒன்றைக் கொண்டுவந்து, புளி போட்டு அது பளபளக்கும்வரை இவரே தேய்த்தார். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றவேண்டுமாம்.

"கோயில் தீர்த்தமே செம்புலதானே வெக்கிறாங்க. கெட்டே போவாது, பாரு."

ஒரு வாரமாக இவர் முகத்தில் ஏதோ ஒன்று. சந்தோஷமா? அந்தச் சொல் எனக்கு இப்போது நினைவில் நிற்பதில்லை.

9-3-73

மெட்ராஸிலிருந்து கல்லும் மீனும் வந்தன. கல்லை மண்டபம் ஊர்ப் பக்கத்துக் கடலில் எடுத்தார்களாம். அதில் கடல் சாமந்தி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூ மாதிரி இருக்கிறது, ஆனால் உயிர். வாயும் உண்டாம். மீன் நீலமாகத்தான் இருந்தது. பார்த்தேன்.

12-3-73

சாமந்தி விரிந்துவிட்டது. இவர் இன்று பட்டறைக்குப் போகவில்லை.

18-3-73, ஞாயிறு

முதல்முறை தண்ணீர் மாற்றினார்கள். சபாபதியும் கூட இருந்தார். நான் விளக்கைப் பிடித்தேன். சாமந்தி என் பக்கம் விரல்களை நீட்டுவதுபோல இருந்தது. எனக்கென்ன, எதன் பக்கமும் நீட்டும்.

20-3-73

சுருங்கிவிட்டது.

21-3-73

கல்லிலிருந்து கழன்று அடியில் கிடக்கிறது. கூழாகிவிட்டது. கல்லில் இருந்த சின்ன நத்தைகளும் போயின. மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

"காத்து பத்தல" என்றார் இவர். "உயரத் தொட்டி. நீளமா போட்டிருக்கணும்."

எனக்குச் சுரீரென்று வந்தது. "அப்ப போட்டிருக்க வேண்டியதுதானே? கட்டில்தானே தடுத்துச்சு? சொல்லுங்களேன், அவ கட்டில்தான் இதையும் கொன்னுச்சுன்னு சொல்லுங்களேன்!"

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். எத்தனை மாதம் கழித்து என் குரல் எனக்கே கேட்டது! இவர் மீனை ஜாடியில் பிடித்து, வியாபாரியிடமே விட்டுவர மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டார்.

22-3-73

இவர் மதியம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"கட்டிலால இல்ல ரேணு. தொட்டியாலயும் இல்ல. தண்ணிய எதுல வெச்சன்னு அவரு கேட்டாரு. செம்புலன்னேன். தலைல அடிச்சுக்கினாரு. செம்பு பட்ட தண்ணி அதுங்களுக்கு வெஷமாம். மீனு கொஞ்சம் தாங்குமாம், மத்ததெல்லாம் தாங்காதாம்."

நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தேச்சுத் தேச்சு வெச்சேனே. சுத்தமா இருக்கணும்னுதானே தேச்சேன்?" அப்புறம், வேறு குரலில்: "அவளுக்கும் அப்படித்தானே செஞ்சேன். சளிதான், கஷாயத்துல போயிடும்னு நாந்தானே ஒரு நாள் வெச்சுக்கினு இருந்தேன். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தா..."

அழுதார். இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இத்தனை மாதமாக இதை விழுங்கிக்கொண்டா இந்த மனுஷர் தினமும் சாயம் காய்ச்சினார்? நான் இவரைக் கல் என்று நினைத்திருந்தேன். என்னைப்போலவே.

"நல்லதுன்னு நினைச்சுதானே குடுத்தீங்க" என்றேன். இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம். அதுதான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை.

1-4-73, ஞாயிறு

இவரிடம் சொல்லாமல் சபாபதி பட்டறைக்குப் போனேன்.

"மறுபடியும் தொட்டி போடணும். நாலடி நீளம், ஒண்ணரை அகலம், ஒண்ணேகால் உயரம்."

"எங்கம்மா வெப்பீங்க?"

"கிழக்குச் சுவர்ல."

சபாபதி சாக்கட்டியை எடுத்தவர் அப்படியே நின்றார். "அவுருக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க எழுதிக்குங்க."

போய்ச் சொன்னேன். "மூலைலயே இருக்கட்டுமே, ரேணு. அந்தத் தொட்டியே போதும்." போதாது என்றேன். நீங்கள்தானே நீளம் வேண்டும் என்று சொன்னீர்கள் என்றேன்.

8-4-73, ஞாயிறு

நாத்தனாரோடு அவர் பெண்ணும் வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. கட்டிலை வண்டியில் ஏற்றும்போது, "பாப்பா எந்தப் பக்கம் தல வெச்சுத் தூங்கும், மாமி?" என்று கேட்டாள். அவள் அம்மா, "ஏய், சும்மா இருடீ" என்று அதட்டினார்.

"அம்சாவா? தெற்குப் பக்கம். ஆனா பாதி நேரத்துல சுத்திக்குவா. காலையில கால்தான் தலகாணியில இருக்கும்."

இவரோடு சேர்த்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவள் பெயரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று!

வண்டி போனதும் சுவரோரம் பெருக்கினேன். தொட்டி சித்திரையில்தான் வரும். அதுவரை இடம் காலி. மதியம் அங்கே பாயைப் போட்டுப் படுத்தேன். தரை சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் இவரும் வந்து பக்கத்தில் படுத்தார். அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமாகவே வந்தது. இவர் நிறுத்தச் சொல்லவில்லை.