வெற்றுத் தட்டில் சிவப்பு இழை

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோ. அறைத்தோழி ஸ்டெல்லாவின் மடியில் என் பை. ஆய்வகத்தில் ஏசி. அவளுக்குக் குளிர் தாங்காது. என் சிவப்பு ஸ்வெட்டர் ஒரு மாதமாக அவள் உடம்பில்.

நெல்லூர்க் கடலோரத்து நீர். அதில் கடுகைவிடச் சிறிய உயிரிகள். அவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் இழை தேடுவது எங்கள் இருவர் வேலையும். இன்று அவளுக்கு: சிவப்பு 11, நீலம் 3. எனக்கு: 0. ஒரே கடல். ஒரே வலை.

ஜெர்மனி ஆய்வகம், ஆறு மாதம், எங்களில் ஒருவர் மட்டும். வெள்ளிக்கிழமை எங்கள் வழிகாட்டி சார் பெயர் சொல்வார்.

நைனா போனில்: "கடல் பூச்சி பிளாஸ்டிக் துன்னுதான்னு பாக்கவா இம்மாம் படிப்பு? நம்ம மாடே துன்னுது, வந்து பாரு."

மார்ச் 4, புதன்

வெற்றுத் தட்டு பார்ப்பது என் முறை. மைக்ரோஸ்கோப் பக்கத்தில் சுத்தமான நீரைத் திறந்து வைப்போம்; காற்றிலிருந்து விழுவது அதில் தெரியும். ஸ்டெல்லாவின் மேசைத் தட்டில் சிவப்பு இழைகள். ஐந்து.

மகிழ்ந்தேன். இங்கே பொய் எதற்கு.

நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரிலிருந்து ஒரு நூல் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தேன். அதே சிவப்பு. சூடான ஊசி பட்டதும் இரண்டும் பிளாஸ்டிக்காய் ஒரேபோல் சுருண்டன.

என் ஸ்வெட்டர். அவளுடைய சிவப்பு பதினொன்றும் கடலில் வந்தவை அல்ல.

மார்ச் 5, வியாழன்

வாங்க வேண்டியவை: சோப்பு, குடைக்கம்பி, நைனாவுக்கு மாத்திரை.

சொன்னால் பொறாமை என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். சொல்லாவிட்டால் அவள் அங்கே போய், ஒரு அரங்கில், எல்லார் முன்னும் மாட்டுவாள். அந்தக் காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பிடித்திருந்தது. பயந்துபோய் அவளிடமே சொல்லிவிட்டேன்.

"ஐயோ, நல்லவேள இப்பவே சொன்னடி. அங்க போயி மானம் போயிருக்கும்."

சிவப்பு பதினொன்றையும் ஒரே கோட்டில் அடித்தாள். ஸ்வெட்டரைப் பையில் திணித்து எடுத்து வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

நீலம் மூன்றும் வயிற்றுக்குள்ளேயே இருந்தவை. "மூடு சாலம்மா" என்றார் சார், தெலுங்கில். மூன்று போதுமாம். தன் எண்ணைத் தானே வெட்டினாளே, அதற்காகவே ஜெர்மனிக்கு அவள்தானாம்.

"இவதான் சார் கண்டுபுடிச்சா" என்றாள் ஸ்டெல்லா. சார் கடிகாரம் பார்த்தபடி தலையாட்டினார்.

அதையும் அவளே சொல்லிவிட்டாள். வெறுக்கக்கூட விடமாட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

சித்தூர் சர்ச்சுக்குப் போன ஸ்டெல்லா கேக்கோடு திரும்பினாள். "இன்னாடி, உன் செவப்பு ஸ்வெட்டர் எங்க? அங்க ரொம்ப குளிருமாம். எடுத்துக்கினு போறேன்."

தொலைந்துவிட்டது என்றேன்.

அவள் குளிக்கப் போயிருக்கிறாள். கதவைத் தாழிட்டு அதைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. கழுத்தெல்லாம் அரிப்பு.