ரேடியோவுக்குக் கொடுத்த நட்சத்திரம்

செப்டம்பர் 3

என் அருமைக் குட்டிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாது. ஒரு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. போன் இருக்கிறதே என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். அதனால்தான் உன் அக்கா இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவை என் தலையில் கட்டினார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு பெண். ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. காலை மணி அடித்ததும் ஆரம்பித்தால் மாலைவரை வாய் மூடாது. இரண்டு மாதமாக ஆள் அடியோடு மாறிவிட்டாள். கை தூக்குவதில்லை, பக்கத்துப் பெண்ணிடம் பேசுவதில்லை, மதிய இடைவேளையில்கூட இடத்தைவிட்டு நகர்வதில்லை. என் 'அமைதி நட்சத்திரம்' உனக்குத் தெரியும். பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடர் கரும்பலகை ஓரத்தில் எழுதுவாள். மாதம் முழுக்கப் பெயர் வராத பிள்ளைக்குத் தங்க நிற அட்டையில் ஒரு நட்சத்திரம். இந்த மாதம் அது ரேடியோவுக்கு! ஆசிரியர் அறையே கை தட்டியது. "எப்படிம்மா அடக்கினீங்க?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மா வரும் பெருமையை யார் விடுவார்?

உன் அத்தான் சமையல் கற்றுக்கொள்கிறார். கருகல் வாசனையைப் பொறுத்துக்கொண்டால் வாழ்க்கை சுகம்.

பாசத்துடன்,
உன் அக்கா


செப்டம்பர் 9

அன்பு அக்காவுக்கு,

வார்டில் ஆள் பற்றாக்குறை, அதனால்தான் எழுதவில்லை. அத்தானிடம், தீ சின்னதாக எரிந்தாலும் சோறு வேகும் என்று சொல்.

இனி வருவதைக் கோபப்படாமல் படி. அந்த நட்சத்திரத்தை நீ கொடுத்திருக்கக் கூடாது. ஓயாமல் பேசிய பிள்ளை இரண்டு மாதமாகப் பேசவில்லை என்றால், அடங்கிவிட்டாள் என்று நினைக்கவே கூடாது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? வகுப்பில் தூங்கி விழுகிறாளா? முன்பு ஆசையாகச் செய்த எதையாவது விட்டுவிட்டாளா? என் மனநல வார்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற பெற்றோரிடம், எப்போது ஆரம்பித்தது என்று கேட்பேன். பாதிப் பேர் சொல்லும் பதில் இதுதான்: "கொஞ்ச நாளா ரொம்ப சமத்தா இருந்தா சிஸ்டர்."

அவளைக் கொஞ்சம் பார், அக்கா.

அன்புடன்,
குட்டி


செப்டம்பர் 14

மேன்மைமிகு நர்ஸ் அம்மையாருக்கு,

பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளோடு மாரடிக்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறாய். இருந்தாலும் கேட்டேன். அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, "உனக்கு என்ன குறை, சொல்லு" என்றேன். "ஒண்ணும் இல்ல மிஸ்" என்றாள். போதுமா? "இந்த வயசுல என்ன கவலை? என் கவலையில ரெண்டு தரட்டுமா?" என்றார் கணக்கு வாத்தியார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள் என்று எழுதத்தான் ஆசை. சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத உன் அக்கா

பி.கு.: சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். நேற்றும் பார்த்தேன், இன்றும் பார்த்தேன்.


செப்டம்பர் 18

அக்கா,

அந்தப் பின்குறிப்புக்காக உன்னை மன்னித்தேன்.

நாலு பேர் எதிரில் கேட்டால் யாராக இருந்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். தனியாகக் கூப்பிடு. இரண்டு பேர் கையிலும் ஏதாவது வேலை இருக்கட்டும். நீ கண்ணால் பார்த்ததை மட்டும் சொல். அப்புறம் வாயை மூடிக்கொள். அறிவுரை தொண்டைவரை வரும், விழுங்கிவிடு. செத்துப்போகலாம் போலத் தோன்றுகிறதா என்று நேராகவே கேள். பயப்படாதே, கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. அப்படித் தோன்றுகிறது என்று சொன்னால் அவளைத் தனியே விடாதே. அன்றைக்கே வீட்டாரைக் கூப்பிட்டு டாக்டரிடம் அனுப்பு.

உன்னால் முடியும். உன்னைத் திட்டுகிற உரிமையில் சொல்கிறேன்.

குட்டி


செப்டம்பர் 25

என் தங்கமே,

நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும் என்று கூப்பிட்டேன். பசை, கத்தரிக்கோல், நாங்கள் இருவர். "சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துட்டுப் போற. பார்த்தேன்" என்றேன். அதற்குமேல் நான் பேசவில்லை. மூன்று புத்தகம் முடிகிறவரை பேசவில்லை. நீ நம்ப மாட்டாய், உன் அத்தானும் நம்பவில்லை.

நாலாவது புத்தகத்தில் அவளே ஆரம்பித்தாள். "காலையில எந்திரிக்கவே முடியல மிஸ். எதுவும் பிடிக்கல. பேசறதுக்கு என்ன இருக்குன்னு தோணுது." நீ சொன்ன கேள்வியைக் கேட்டேன். "தூங்கினா எந்திரிக்காமலே இருந்தா நல்லாயிருக்கும்னு சில நாள் தோணும்" என்றாள். அப்புறம்தான் அதைச் சொன்னாள்: "நீங்க ஸ்டார் குடுத்தீங்கல்ல, நான் இப்படி இருக்கிறதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

குட்டி, எனக்கு அங்கேயே தலை குனிந்துவிட்டது. "தப்பு என்னோடதும்மா" என்றேன். அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். தையல் கடையிலிருந்து, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொன்னேனே மிஸ்!" என்று அழுதார். "நான் பரிசே குடுத்தேன்" என்றேன். இரண்டு பேரும் அழுகையோடு சிரித்துவிட்டோம். அவள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அன்று மாலையே டாக்டர் பார்த்துவிட்டார். வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

நட்சத்திர அட்டைகளை மொத்தமாகக் கிழித்துப் போட்டேன்.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புக் குட்டிக்கு,

நல்ல செய்தி நிறைய. எதை முதலில் எழுதுவது?

பிள்ளைகளிடம் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பிய குறிப்புகளை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தேன். "மார்க் குறையலையே, அப்புறம் என்ன?" என்று தலைமை ஆசிரியை தயங்கினார். ரேடியோவின் மார்க்கும் குறையவில்லை என்றேன். அதோடு ஒப்புக்கொண்டார். இப்போது ஆளுக்கொரு சின்ன நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளை மாறிவிட்டதாகத் தோன்றினால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரே பெயரில் மூன்று பேர் புள்ளி வைத்திருந்தால், அந்தப் பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் தனியாகப் போய்ப் பேச வேண்டும். முதல் வாரம் விளையாட்டு வாத்தியார் பாதி வகுப்புக்குப் புள்ளி வைத்துவிட்டார், கணக்கு வாத்தியார் உட்பட. நாங்கள் சிரித்த சிரிப்பில் பியூன் எட்டிப் பார்த்தார். ஆனால் கோல் கீப்பர் பையன் ஒருவன் ஆட்டத்தை விட்டதை முதலில் கண்டுபிடித்தது அதே விளையாட்டு வாத்தியார்தான். கணக்கு வாத்தியார் இப்போது அவனோடு தினமும் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். மனுஷனுக்குத் தொப்பை குறைந்திருக்கிறது.

ரேடியோவுக்கு இன்னும் மோசமான நாள்கள் வருகின்றன. வந்தால், "இன்னிக்கு முடியல மிஸ்" என்று அவளே வந்து சொல்கிறாள். நல்ல நாள்கள்தான் அதிகம். நேற்று என் பாடத்துக்கு நடுவில் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லி, இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். திட்ட வேண்டிய நான் திரும்பிக்கொண்டு கரும்பலகையில் எழுதியதையே மறுபடி எழுதினேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். போன வெள்ளிக்கிழமை நோட்டைப் பிரித்து வைத்திருந்தபோது உன் ஞாபகம் வந்தது. நீ பத்தாவது படித்த வருஷம். நான் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தேன். உன் ஜன்னலோரப் படுக்கையை எடுத்துக்கொண்டேன். நீ சண்டை போடவில்லை. உன் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறை முழுக்க அப்படித்தான் இருந்தாய். "குட்டிக்குப் பொறுப்பு வந்துருச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

அப்போது உனக்கு என்ன ஆயிற்று? நான் அறிவுரை சொல்ல மாட்டேன்.

அக்கா


ஜனவரி 24

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை மருந்து அறையில் நின்றுகொண்டு மூன்று முறை படித்தேன்.

ஆமாம். அந்த வருஷம் நான் நன்றாக இல்லை. அடுத்த வருஷம் பாதிவரை நன்றாக இல்லை. உங்களையெல்லாம் குறை சொல்லவில்லை, எனக்கே அது என்னவென்று தெரியாது. நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் மனச்சோர்வு பற்றி ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, அட, இது நான்தானே என்று நினைத்தேன். உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை பேனா எடுத்து வேறெதையோ எழுதி அனுப்பியிருக்கிறேன். நீயாகக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாய். பரவாயில்லை, கேட்டுவிட்டாய்.

பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறேன். நிஜமாகவே. ஆனால் இதை எழுதி முடியாது, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று நாள் லீவு போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன், பதினோரு மணிக்கு வாசலில் இருப்பேன். நீயும் பள்ளிக்கு லீவு சொல்லிவிடு. முதலில் கொஞ்சம் அழுவேன். அப்புறம் பேச ஆரம்பிப்பேன், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறும்வரை நிறுத்த மாட்டேன்.

உன்
குட்டி