ஞாயிறு இதழில் ரீனா

ஜூன் 12, வியாழன்

பிரபலங்களுக்கான இரங்கல் கட்டுரைகளை அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதி வைப்பது எங்கள் ஆங்கிலப் பத்திரிகையின் வழக்கம். இன்று கௌஷிக் ஒரு பெயர் கொடுத்தான். செய்தி ஆசிரியர், என்னைவிட வெகு இளையவன். “ரீனான்னு ஒரு பாப் சிங்கர். நம்ம ஊர்லயே, கோந்த்வா பக்கம் இருக்காங்களாம். லங்ஸ் போயிடுச்சாம். தெரியுமா மேடம்?”

தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நாங்கள் குடியிருந்த கட்கி குவார்ட்டர்ஸ் கணபதி பந்தலில் பாட வந்தார். வெள்ளி நிறக் கோட்டு, காதுவரை வெட்டிய முடி. இந்த மராத்தி ஊரில் அவர் பாடியது தமிழில், ஆனால் பக்திப் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்பதே அன்றுதான் தெரிந்தது. மறுநாள் என் பின்னலை நானே கத்தரித்துக்கொண்டேன். அம்மா அடித்தாள். முடி வளரும்வரை நான் ரீனாவாக இருந்தேன்.

ஜூன் 14, சனி

போனேன். ரீனா வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓயாமல் உறுமுகிறது. ஞாயிறு இதழுக்குப் பேட்டி என்று சொன்னேன். எதற்கு என்று சொல்வதில்லை. உண்மைப் பெயர் ஆரோக்கியமேரி. ரீனா, கேசட் கம்பெனிக்காரர் வைத்தது. பழைய வீட்டில் வெள்ளம் புகுந்து கேசட், படம் எல்லாம் போய்விட்டன. இணையத்தில் நான் தேடியும் ஒன்றுமில்லை.

கீழ்வீட்டு ஜமீலா டீ கொண்டுவந்தார். ஆம்பூர்க்காரர், இவரைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

“நான் பாடகின்னா இவ நம்பவே மாட்டா” என்றார் ரீனா. “‘சரிக்கா, மாத்திரை போடுங்க’ம்பா.”

“நான் கேட்டதெல்லாம் இருமல்தானே” என்றார் ஜமீலா.

ரீனாவும் சிரித்தார். ஆனால் நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “எப்ப வரும்? இவளுக்குக் காட்டணும்.”

எப்போது வரும் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கற்ற பாடம். “அடுத்த ஞாயித்துக்கிழமை” என்றேன். நானா சொன்னேன்?

ஜூன் 18, புதன்

எழுதிக் கொடுத்தேன். கௌஷிக்குக்குப் பிடித்திருந்தது. இந்த ஞாயிறே போடலாமா என்றேன்.

“இப்ப ஏன்னு கேப்பாங்க மேடம். அவங்க போனப்புறம் அரைப் பக்கம் தரேன். ப்ராமிஸ்.”

கெட்டவன் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜமீலா போன் செய்தார். பேப்பர் வாங்கிப் புரட்டினார்களாம், காணோமாம். அடுத்த வாரம் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் போன். ரீனா மூன்றாவது வாரமாகக் காலையிலேயே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம். “நீங்க நெசமாவே பேப்பர்லேர்ந்துதான் வந்தீங்களா?” என்றார் ஜமீலா. கேலி பாதிதான். இப்போது அவர் ரீனாவையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வேறு இரண்டு பத்திரிகைகளில் கேட்டேன். அங்கேயும் அதே ‘இப்ப ஏன்?’

ஜூலை 20, ஞாயிறு

இரங்கலை, உயிரோடிருப்பவரைப் பற்றிய கட்டுரையாக மாற்றி, அச்செடுத்து எடுத்துப்போனேன். ரீனா கையில் வாங்கவில்லை.

“தாள்ல யாரு வேணா அடிக்கலாம். பேப்பர்ல வந்தாத்தான் வந்தது.” மூச்சு வாங்கக் காத்திருந்துவிட்டுக் கேட்டார்: “நான் செத்தாத்தான் போடுவாங்களா?”

கொண்டுபோன தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“போட்டோவாவது நல்லதாப் போடச் சொல்லு” என்றார்.

ஒரு வரி பாடுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் ஜமீலா போன் செய்தார். “அக்கா போயிட்டாங்க” என்றார்.

வயது என்ன, உறுதி செய்தது யார் என்று கௌஷிக் கேட்டான். சொன்னேன். கட்டுரையில் தேதி மட்டும் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொன்னபடி அரைப் பக்கம். எங்கள் பத்திரிகை நூலகத்தில் கிடைத்த இளவயதுப் படம், பெரிதாக. பேப்பரை நானே கோந்த்வாவுக்குக் கொண்டுபோனேன். ஜமீலாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் அடையாளம் தெரிய வெகுநேரம் ஆயிற்று.

“நெசமாத்தான் சொல்லிட்டிருந்திருக்காங்க” என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

கட்டுரைக்கு நல்ல பேராம். கௌஷிக் அடுத்த பெயர் கொடுத்தான்: ராகவேந்திரா, பழைய ஹாக்கி ஆட்டக்காரர், இதயம் பலவீனம். சாயங்காலம் சிஞ்ச்வடில் அவர் வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார். ஒவ்வொரு ஆட்டமாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். லிஃப்ட்வரை வந்து, எந்த ஞாயிற்றுக்கிழமை வரும் என்று கேட்டார்.

“எப்பன்னு சொல்ல முடியாது சார்” என்றேன்.

“பரவால்லம்மா, மெதுவா வரட்டும்” என்றார். “நான் எங்க போகப்போறேன்?”