குசினி லைட்டின் கோடுகள்

அன்பின் ஸ்ரீவாணி,

எங்கள் ரொறன்ரோக் கடை மாவில் புழு நெளிவதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் பரவி, ஒரு கிழமை, ஏழு நாளும், கடைக்கு ஆள் வரவில்லை. பயப்படாதேயும், முடிந்த கதை. நான் சுகம். உமது முழங்கால் நோ எப்படி?

பங்காளி வசீகரனும் அதை நம்பிவிட்டார். "அண்ணை, என்ரை பங்கைப் பிரிச்சுத் தாங்கோ" என்றார்.

அந்த வீடியோவில் மங்கலான கோடுகள் ஓடின. புங்குடுதீவுக் குசினியில் அடுப்படியில் நின்று நீர் என்னோடு வீடியோவில் கதைக்கும்போதும் அப்படித்தான் ஓடும். இங்கே நான் கண்டதில்லை. வீடியோ சோதிக்கும் சர்மிதாவிடம் கொடுத்தேன். "இங்கத்தை லைட் செக்கனுக்கு நூற்றிருபது தரம் மின்னும். இதிலை நூறுதான். கனடாவிலை எடுத்ததில்லை, அண்ணை" என்றார். எங்கள் ஊர்க் கரண்டில் லைட் மின்னுவதும் நூறு தரம்தானாம். அவர் எழுதித் தந்ததைக் கடைவாசலில் ஒட்டினேன். சனம் திரும்பி வருகிறது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் வசீகரன்.

"வாயாலை சொன்னாக் காணாது" என்றேன்.

கொஞ்சம் ஒடியல் மா அனுப்பும். கதைக்கும்போது குசினியிலேயே நில்லும், அந்த லைட்டை மாற்ற வேண்டாம். ஊருக்கு வந்து இந்தக் கடிதத்தை உம்மிடம் தரப்போகிறவர் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார்.

வசீகரனோடு பேசி முடித்தது இதுதான்: பங்கு பிரிப்பதில்லை. ஆவணி முழுக்கக் கடையை அவர் தனியே பார்ப்பார், நான் ஊருக்கு வந்து உம்மோடு வீட்டில் நிற்பேன்.

உமது,
ஸ்கந்தகுமார்