இரண்டாவது பிரேக் யாருக்கு

மார்ச் 11, செவ்வாய், காலை 6.40. சாப்பாட்டு மேசை மேல் கார் பெடல்கள் இரண்டு.

அப்பாவுக்கு,

வணக்கம். பெரியப்பா வீட்டு மாடியறை வசதியாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் தங்கச்சியும் நலம். அதாவது, காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. ஏழரைக்கு ஓர் ஆஸ்பத்திரி லிப்டை ரிப்பேருக்காக நான் பிரித்துப் போட வேண்டும், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே கட் பண்ணிவிடுகிறீர்கள்.

இருபத்துமூன்று வருடக் கல்யாணத்தைச் சமரச வக்கீல் மூன்றே பக்கத்தில் பிரித்துக் கொடுத்தார். வீடு அம்மாவுக்கு. டிரைவிங் ஸ்கூலும் காரும் உங்களுக்கு. அந்த வருமானத்திலிருந்து, தங்கச்சி படித்து முடிக்கும்வரை மாதாமாதம் பராமரிப்புத் தொகை. இதுவரை குழப்பமே இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார் பாருங்கள், காரில் பிறகு பொருத்திய சாமான்கள் வாங்கியவருக்கே சொந்தம் என்று. ரேடியோ, சீட் கவர் என்று நினைத்து எழுதியிருப்பார். பாவம், உங்கள் இரண்டு பேரையும் அவருக்குத் தெரியாது.

சொல்லித்தருபவர் பக்கத்துப் பிரேக்கும் கிளட்சும் அம்மா சேமிப்பில் வாங்கியதுதான், மறுக்கவில்லை. ஒரு மாணவர் உங்களைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதி, நீங்கள் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது வாங்கியது. "என் காசுல வாங்கினது, வச்சுட்டுப் போகச் சொல்லு" என்று நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அம்மா சமையலறையிலிருந்து என்னிடம் சொன்னாள். கோபத்தில் வந்த பேச்சு. நீங்கள் ஒரு நிமிடம் சும்மா இருந்திருக்கலாம். "தாராளமா எடுத்துக்கச் சொல்லு, எனக்கு யார் தயவும் வேணாம்" என்று ஸ்பேனரோடு காருக்குள் தலையை நுழைத்து, கழற்றி, செய்தித்தாள் விரித்து மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

இப்போது அம்மாவிடம் பெடல் இருக்கிறது, கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் பெண்டாட்டியை மட்டும் ஸ்டியரிங் பக்கம் விடவில்லை, அது வேறு கதை. உங்களிடம் கார் இருக்கிறது; சொல்லித்தருபவர் பக்கத்துப் பெடல் இல்லை என்று டிரைவிங் ஸ்கூல் கார் ஆய்வில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருமானம் இல்லை, இந்த மாதம் பணம் அனுப்ப முடியாது என்று நீங்கள் செய்தி போடுகிறீர்கள். கோர்ட்டுக்குப் போகிறேன் என்று அம்மா கிளம்புகிறாள். தானே கழற்றச் சொன்னதால் வராத பணத்துக்குத் தானே வழக்கு. மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் நின்று ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கும் ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்குக்கூட லிப்ட் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

தங்கச்சிக்குத் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் தவணையை இருபத்தைந்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நேற்று என்னிடம் வந்து, "அண்ணா, நான் அங்க சேரலைன்னு சொல்லிட்டா அப்பா பணம் அனுப்ப வேண்டியதில்ல. அப்ப ரெண்டு பேரும் சண்டையை விட்டுடுவாங்கல்ல?" என்று கேட்டாள். அழவில்லை. வெளியே போகும்போது குடை எடுத்துக்கட்டுமா என்று கேட்பதுபோல் கேட்டாள். லூசு, போய்ப் படி என்று திட்டி அனுப்பினேன்.

இதற்கு மேல் பெரியப்பாவின் போன். போன வாரத்திலிருந்து நீங்கள் பெடல் இல்லாமலே ஆளை ஓட்டவிட்டு, கைப்பிரேக்கைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களாம். "பொண்ணு பணத்துக்குத்தான்டா, சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "அறிவு கெட்ட மனுஷன்" என்றாள். பிறகு மேசைக்குப் போய்ப் பெடல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போல்ட்டு நாலுல்ல? மூணுதான்டா இருக்கு" என்றாள். சோபாவைத் தள்ளித் தேடி நாலாவதை எடுத்ததும் அவள்தான். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பெடல்களோடு வருவேன். நானே மாட்டுவேன். நீங்கள் ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

2. பெடல்கள் தங்கச்சியின் பங்கு என்று வக்கீலிடம் எழுதி வாங்கிய தாளையும் கொண்டுவருவேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். படித்துப் பார்த்துவிட்டு வாதம் பண்ணாமல் நீங்களும் போடுங்கள்.

3. திங்கட்கிழமை மறு ஆய்வுக்கு நேரம் வாங்கிவிட்டேன், நானும் கூட வருவேன். தவணையில் பாதி என்னிடம் இருக்கிறது. மீதியை இருபத்தைந்துக்குள் நீங்கள் சம்பாதித்து அவள் கணக்குக்கே அனுப்புங்கள். அனுப்பிவிட்டு அவளிடம் பேசுங்கள்.

4. நான் வந்து மாட்டும்வரை இங்கே எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். எல்லோரும் என்றால் எல்லோரும். அதுவரை யாரையும் ஸ்டியரிங் பிடிக்க விடாதீர்கள் அப்பா. கார் நிற்கட்டும்.

உங்கள் மகன்