சண்டை வாங்கிக் கொடுத்த விசா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அதை அவர் படியின் கோளாறு என்கிறார். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நான் மூச்சு விடும் இடத்தில் நீ குறுக்கே வந்துவிடுவாய், அப்புறம் விட்ட இடம் எது என்று எனக்கே தெரியாது. காகிதம் குறுக்கே பேசாது, அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி. சேதி இதுதான். எனக்கு விசா கிடைத்துவிட்டது. நீ இருக்கும் நாட்டுக்குத்தான், ஆனால் உன் வீட்டுக்கு இல்லை, பயப்படாதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நகராட்சி நீச்சல் குளத்தில் டைல்ஸ் பெயர்ந்து, தண்ணீரை வடித்துவிட்டு, பழுது பார்க்கிறோம் என்று பூட்டிவிட்டார்கள். எத்தனையோ வருஷமாக விடிந்தால் விசிலும் கையுமாகக் குளத்தங்கரையில் நின்றவள் திடீரென்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும். அலமாரியைத் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். இன்னொரு தடவை துடைச்சா அது கரைஞ்சு போயிடும் என்றார் உங்கப்பா. அந்தச் சமயத்தில்தான் தவளை வந்தாள். உனக்கு நினைவிருக்கும், என்னிடம் நீச்சல் பழக வந்து முதல் மாதம் முழுக்க ஏணியை விட்டுக் கையை எடுக்காத பெண், அப்புறம் தண்ணீரை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்று அந்தப் பெயரை வாங்கியவள். இப்போது கல்லூரியில் கடைசி வருஷம். வெளிநாட்டில் ஒரு ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குக் கோடைக்கால முகாம் நடத்துகிறார்களாம், அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போக விண்ணப்பம் போடுகிறாள், இவள் என் மாணவிதான் என்று ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு நான் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, மேலே ஒரே ஒரு அறை, அதில் இரண்டு காதுக்கும் இரண்டு போன் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. நான் தவளையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா ஒரு போனைக் கீழே வைத்துவிட்டு, நீங்க ஏன் விண்ணப்பிக்கலை என்று கேட்டார். என் வயசு தெரியுமா என்றேன். ஏரிக்கு உங்க வயசு தெரியாதுங்க என்றார். அந்தப் பதிலில்தான் விழுந்தேன் என்று வைத்துக்கொள்.

இதற்குக் கலாச்சாரப் பரிமாற்ற வேலை விசா என்று பெயராம். நாலு மாதம் அங்கே வேலை செய்ய வேண்டும், அவர்களோடு சாப்பிட்டுத் தூங்கிப் பழக வேண்டும், நம்மைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும், முடிந்ததும் மரியாதையாகத் திரும்பி வந்துவிட வேண்டும். அந்தத் திரும்பி வருவதுதான் முக்கியமாம். முகாமின் தலைவி வீடியோவில் என்னோடு பேசினார். பேச்சு எல்லாம் முடிந்து விசில் ஊதுவீங்களா என்று கேட்டார். ஊதிக் காட்டினேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, போதும், வாங்க என்றார். அழைப்பும் வந்துவிட்டது.

உங்கப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் ஸ்க்ரூடிரைவர்களைப் பெரியதும் சிறியதுமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், இன்டர்வியூவுக்குப் பழக வேண்டாமா என்று கேட்டுவிட்டு, சமையலறைக்குள் போய், தட்டு நீட்டும் ஜன்னலைப் பாதி சாத்தி, அந்தப் பக்கம் முக்காலியில் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து விசா அதிகாரி மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவர் எலக்ட்ரீஷியனாக எத்தனை அலுவலக ஜன்னலில் காத்துக் கிடந்திருக்கிறார், அந்தக் கோபம் அத்தனையும் என் தலையில் இறங்கியது. சிரித்ததற்காக ஒரு தடவை நிராகரித்தார், வீட்டுச் செருப்போடு வந்ததற்காக ஒரு தடவை. இன்னொரு நாள் எல்லாப் பதிலும் சரியாகச் சொன்னேன், பால் பொங்குது, நாளைக்கு வாங்க என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். தவளையும் பழக வந்தாள். அவள் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி, பஸ்ஸில் குளியலறையில் எல்லாம் மனப்பாடம் செய்தாள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் உங்கப்பா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். நீங்க போயிட்டா உங்க வீட்டுக்காரர் தனியா என்ன பண்ணுவார் என்றார். அது அதிகாரியின் குரலாக இல்லை. நான் பழகி வைத்திருந்த பதிலை விட்டுவிட்டேன். தெரியலை சார், எனக்கும் அதுதான் கவலை, போயிட்டு வந்துடுவேன் என்றேன். ஜன்னல் கட்டையில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினார். அப்புறம், சரி, அடுத்த ஆள் வாங்க என்றார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. எழுந்து போய் அவரே பாத்திரம் கழுவினார்.

மறுநாள் நானும் தவளையும் தூதரகத்துக்குப் போனோம். பெரிய கூடம், வரிசையாகக் கண்ணாடித் தடுப்புகள், அதிகாரி அந்தப் பக்கம் மைக்கில் பேசுகிறார், நாம் இந்தப் பக்கம் பேசுகிறோம், இரண்டும் ஸ்பீக்கரில் கூடத்துக்கே கேட்கிறது. தவளை எனக்கு முன்னால் போனாள். பாவம், பயத்தில் பதில்கள் எல்லாம் வரிசை மாறிவிட்டன. காலையில சாப்பிட்டீங்களா என்று அந்த மனுஷர் சாதாரணமாகத்தான் கேட்டார். பயிற்சி முடிந்ததும் தாய்நாடு திரும்பி என் அனுபவத்தை மக்களுக்குப் பயன்படுத்துவேன் என்றாள் இவள். அதற்கப்புறம் எல்லாமே அப்படித்தான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு முறை முயற்சி பண்ணுங்க என்று அனுப்பிவிட்டார். அவள் நாற்காலியில் போய் முகத்தைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு நான் போய் நின்றேன்.

இந்த வயசில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். நாலு சுவருக்குள்ள தரை தெரியற தண்ணியிலதான் இதுவரைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கேன் சார், தரையே தெரியாத தண்ணியில பிள்ளைங்க எப்படிப் பயப்படுறாங்கன்னு பார்க்கணும் என்றேன். தலையாட்டினார். அடுத்துதான் அந்தக் கேள்வி வந்தது. உங்க மகள் அங்கேதான் இருக்காங்க, முகாம் முடிஞ்சதும் அவங்க வீட்லயே தங்கிட மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது என்றார். இப்போது கோபப்படாமல் படி. என் மகளோட ஒரே அடுப்படியில என்னால ஒரு வாரத்துக்கு மேல தாங்க முடியாது சார், அவளாலயும் முடியாது என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்காமல், ஏன் என்றார். நான் அடுக்கின பாத்திரத்தை அவ மாத்தி அடுக்குவா, அவ அடுக்கினதை நான் மாத்துவேன், போன தடவை போயிருந்தப்ப கடைசியில மாப்பிள்ளை டீ கலக்கக் கரண்டி கிடைக்காம பேனாவால கலக்கினார், நான் டிக்கெட் தேதிக்கு முன்னாடியே கிளம்பி வந்துட்டேன், வேணும்னா பாஸ்போர்ட்ல முத்திரையைப் பாருங்க என்றேன். பக்கத்தைப் புரட்டினார். வந்த தேதியைப் பார்த்தார், போன தேதியைப் பார்த்தார். இன்னும் ரெண்டு மாசம் இருந்திருக்கலாமே என்றார். அதைத்தான் சொல்றேன் சார் என்றேன். அப்போதுதான் சிரித்தார், விசா ஒட்டித் தர பாஸ்போர்ட்டை அவரே வைத்துக்கொண்டார். ஆக, நம் சண்டைதான் எனக்கு விசா வாங்கிக் கொடுத்தது. இதை உங்கப்பா உனக்குக் கதையாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

தவளை இல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. மறுபடியும் விண்ணப்பம் போடவைத்தேன். இந்தத் தடவை உங்கப்பா ஜன்னலைச் சாத்தவில்லை, அவளைக் கூடத்தில் உட்காரவைத்து ஊர்க்கதை பேசினார், எழுதி வைத்ததை எல்லாம் மறந்துட்டு வா என்று மட்டும் சொன்னார். தூதரகத்தில் வேறொரு அதிகாரி, தண்ணீரில் எது பயம் என்று கேட்டாராம். ஏணியை விடற நிமிஷம்தான் சார் என்றாளாம். கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து எனக்குப் போன் பண்ணி அழுதாள், நானும் விஷயம் தெரியாமலேயே கூட அழுதேன்.

இப்போது உனக்கு. போன தடவை நான் பெட்டி கட்டும்போது, அம்மா, நீ கொஞ்ச நாள் உன் வேலையைப் பாரேன் என்றாய். அதற்கப்புறம் நீ போனில் பேசுவதெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது, நானும் அப்படித்தான் பேசுகிறேன், யார் முதலில் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சரி, இப்போது என் வேலையைப் பார்க்கத்தான் வருகிறேன். முகாமில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கலாமாம், விருந்தாளிகளுக்கு மரக்குடில் இருக்கிறதாம். அங்கே சமையலுக்கு ஆள் இருக்கிறார்கள், அடுப்படிப் பக்கம் உன்னையும் விட மாட்டார்கள், என்னையும் விட மாட்டார்கள். உன் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு பகல் என்று உங்கப்பா வரைபடத்தில் விரல் வைத்து அளந்து சொன்னார்.

அவருக்கு நீ சாயங்காலம் தவறாமல் போன் பண்ண வேண்டும். என்ன சமைத்தீர்கள் என்று மட்டும் கேட்காதே, குழம்பு செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார், சொல்ல ஆரம்பித்தால் விடமாட்டார். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வீட்டில் சிரிப்புச் சத்தத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டும், அம்மாவின் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு.

இன்னொன்று. ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் இறக்கினேன், உன்னை மட்டும் என்னால் இறக்க முடியவில்லை, நீ சின்ன வயசிலிருந்தே என்னிடம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்ற பிடிவாதக்காரி. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், விசில்கூட ஊதமாட்டேன். ஆனாலும் வரும்போது பெட்டியில் ஒரு துண்டு எடுத்து வை. எதற்கும் இருக்கட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அம்மா