தண்ணி குடிச்ச இலையிலை விழுந்த புள்ளி

புத்தூர்,
மாசி 24.

என்ரை பிள்ளை கோபிகாவுக்கு,

அப்பா எழுதிறன். எனக்கும் கொம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நோர்வேக் குளிருக்குள்ளை நீயும் சுகமாய் இருக்கவேணும் எண்டு காலமை அம்மன் கோயில்லை கும்பிட்டிட்டு வந்துதான் பேனையை எடுத்தனான். போனிலை கதைக்காமல் ஏன் எழுதிறார் எண்டு யோசிப்பாய். போனெண்டால் கொம்மா பக்கத்திலை நிண்டு நான் சொல்லுற ஒவ்வொண்டையும் திருத்துவா. இது திருத்தாமல் சொல்லவேண்டிய கதை.

கொம்மாவின்ரை அண்ணை, உன்ரை பஞ்சலிங்கம் மாமாவோடை ஒரு மாதமாய் எனக்குக் கதை பேச்சில்லை. உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு கொம்மாவை நான்தான் மறிச்சு வைச்சனான். மறைக்க என்ன இருக்கு பிள்ளை, எனக்கு அந்த மனிசனிலை பொறாமை. இண்டைக்கு நேற்று வந்ததில்லை. அவற்ரை தோட்டத் தறையும் என்ரை தறையும் ஒரே செம்மண், நடுவிலை ஒரு கிளுவை வேலி, எண்டாலும் புகையிலை வாங்க வாறவங்கள் முதல் அவற்ரை படலைக்குத்தான் போவாங்கள். கொம்மா நல்ல கறி வைச்சால் ஒரு கிண்ணம் வேலிக்கு மேலாலை அங்கை போகும். பின்னேரத்திலை அவற்ரை மகன் சிவதர்ஷன் தேப்பனோடை தறையுக்கை நிண்டு கதைச்சுச் சிரிக்கேக்கை நான் தண்ணி இறைக்கிற மிசின் சத்தத்துக்கை தனிய நிப்பன். உன்னைக் குறை சொல்லேல்லை, போய்ப் படி எண்டு அனுப்பினது நான்தானே, ஆனால் அந்த நேரத்திலை அந்தப் பக்கம் பாக்க எனக்கு மனம் வராது.

தை மாதம் அவற்ரை இறைப்பு மிசின் பழுதாப் போச்சு. சாமான் வந்து பூட்டப் பன்னிரண்டு நாள் செண்டது. அவற்ரை புகையிலைக் கன்றெல்லாம் வெய்யிலுக்கு வாடித் தொங்கினது. என்ரை மிசினிலை இருந்து ஒரு குழாய் இழுத்து விட்டிருக்கலாம், விடேல்லை. கேட்டால் குடுப்பம் எண்டு இருந்தன், அவர் கேக்கவும் இல்லை, அது இன்னும் எரிச்சல். இந்த முறை ஆளை வெண்டிடவேணும் எண்டு, நாலு நாளைக்கு ஒருக்கா இறைக்கிற நான் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைச்சன். கன்று பச்சைப்பசேலெண்டு மதாளிச்சு நிண்டது. நிண்டு பாக்கவே வயிறு நிறைஞ்சது.

ஒருநாள் காலமை பாத்தால், அடி இலையளின்ரை மேற்பக்கத்திலை ஆரோ சுண்ணாம்புத் தண்ணி தெளிச்ச மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. நாலைஞ்சு நாளிலை இலை முழுக்கப் பரவிச் சருகு மாதிரிப் போச்சு. வேலியாலை எட்டிப் பாத்தன். அங்கை எல்லாம் வாடிக் கிடக்குது, ஆனால் ஒரு புள்ளி இல்லை! களைநாசினி அடிச்சு என்ரை பக்கம் பறக்க விட்டிருக்கிறார் எண்டு முடிவு கட்டினன். விவசாயப் போதனாசிரியர் டிலக்ஷி கண்ணாடி வைச்சுப் பாத்திட்டு, பங்கசு நோயும் இல்லை பூச்சியும் இல்லை, மருந்து பட்ட அடையாளம் மாதிரியும் தெரியேல்லை, பொறுங்கோ எண்டுதான் சொன்னவ. நான் பொறுக்கேல்லை. அரசாங்கத்தின்ரை கமநல சேவை நிலையத்திலை அவற்ரை பேரைப் போட்டு முறைப்பாடு எழுதிக் குடுத்தன். என்ரை அண்ணை உப்பிடிச் செய்யிற ஆளில்லை எண்டு கொம்மா அழுதா. உன்ரை அண்ணை எண்டால் உனக்குக் கண் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். அண்டையிலை இருந்து சாப்பாட்டை மேசையிலை மூடி வைச்சிட்டுப் போயிடுவா.

போன ஞாயிறு மத்தியானம் படலையைத் திறந்துகொண்டு அவரே வந்தார். கையிலை போன். என்னை நம்பாட்டி விடு அருளம்பலம், உன்ரை மகளை நம்புவாய்தானே எண்டார். என்ரை இலையளை வேலியாலை படம் எடுத்து உனக்கு அனுப்பினாராம், நீயும் மறுமொழி எழுதினியாம். காத்திலை என்ன கலந்திருக்கெண்டு அளக்கிற வேலை பாக்கிற என்ரை பிள்ளை சொன்னதை அந்த மனிசன்ரை வாயாலை கேட்டுக்கொண்டு நிண்டன் பிள்ளை. வாகனப் புகைக்குள்ளையும் தொழிற்சாலைப் புகைக்குள்ளையும் நைதரசன் ஒட்சைட்டு இருக்காம், பெற்றோல், பெயின்ற் ஆவியளும் காத்திலை கலக்குமாம். வெய்யில் ஏற ஏற இதெல்லாம் சேந்து சமைஞ்சு ஓசோன் ஆகுமாம். ஒட்சிசன் எப்பவும் இரண்டிரண்டாய்த் திரியிறது, அந்த ஒட்சைட்டிலை இருந்து வெய்யில் உடைச்சு விடுற ஒண்டு மூண்டாவதாய் வந்து ஒட்டினால் ஓசோன், அந்த மூண்டாவது நிலைச்சு நிக்காமல் இலையிலோ நெஞ்சிலோ பாய்ஞ்சு சுட்டுப்போடும். வானத்துக்கு மேலை இருந்தால் எங்களுக்குக் குடை, நிலத்துக்குக் கிட்ட வந்தால் நஞ்சு. வாடைக்காத்து கடலுக்கு அங்காலை இருந்தும் அதைக் கொண்டுவந்திருக்கலாம், படத்தை மட்டும் பாத்து நூறு வீதம் சொல்லேலாது எண்டும் நீ எழுதியிருந்தாய். எல்லாம் வடிவாய் விளங்கினது, விளங்கினதுதான் கஸ்டம்.

அவற்ரை இலைக்கு ஏன் ஒண்டும் இல்லை எண்டு கேட்டன். தண்ணி காணாத இலை காத்து இழுக்கிற தன்ரை வாயை மூடி வைச்சிருந்தது, நீ இறைச்சு இறைச்சு உன்ரை இலை வாயைத் திறந்து வைச்சிருந்தது, திறந்த வாயாலை ஓசோன் உள்ளை போயிட்டுது எண்டு சொன்னார். சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் தாங்கியிருப்பன்.

திங்கள் காலமை போய் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்து, பிழை என்னிலை எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சன். அதைக் கொண்டு நேரே அவற்ரை வீட்டை போனன். குழாய் தராமல் விட்டதையும் சொன்னன். ஓம், தந்திருக்கலாம் எண்டு மட்டும் சொன்னார், பிறகு தேத்தண்ணி வந்தது, குடிச்சன். மேல் இலையள் பழுதில்லை, அடி இலைதான் போச்சு. கொம்மா இப்ப பக்கத்திலை இருந்து சாப்பாடு போடுறா.

நீயும் வெய்யில் காலத்திலை மத்தியானத்திலை றோட்டோரம் ஓடப்போகாதை, அளக்கிற காத்தைத்தானே நீயும் இழுக்கிறாய். நாங்களும் வளவுக்கை குப்பை கொளுத்திறதை விட்டிட்டம்.

இன்னும் ஒண்டு பிள்ளை. நீ எழுதினதிலை கடைசி வரியையும் மாமா வாசிச்சுக் காட்டினார். அப்பா கூடாத ஆளில்லை மாமா, அவர் தனிச்சுப் போனார், நீங்கள் ஒருக்காப் போய்க் கதையுங்கோ எண்டு. கை கழுவிற சாட்டிலை கிணத்தடிக்குப் போயிட்டன். எனக்கே நான் சொல்லாத ஒண்டை நீ கண்டுபிடிச்சு, அதைக் கொண்டுபோய் ஏன் அவற்ரை போனுக்கு அனுப்பினனி? இதையும் பொறாமை எண்டுதான் சொல்லுவாய், ஓம், பொறாமைதான்.

ஒரு நோய் நொடி அணுகாமல், நினைச்சது கைகூடி, நிறைஞ்ச ஆயுளோடை இரு. மறந்திடாதை, என்னை ஏசி எழுதிறதெண்டாலும் முதல் எனக்கு எழுது.

உன்ரை அப்பா,
அருளம்பலம்